தானம் என்னும் சொல்லின் பின்னே

மருந்தின் பெயரை அறநூலுக்கு இட்டு வழங்கியவர் நம் முன்னோர். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். ஐந்து சிறிய வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயர் அது. கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு பொருள்கள் கலந்த மருந்தின் பெயர் அது. இருவரும் சமண நெறி நின்ற புலவர்கள். உடலின் பிணிக்கு மருந்து எப்படியோ, உள்ளத்தின் பிணிக்கு அறம் அப்படி என்பது அவர்தம் கருத்து. ஆகவே நோயையும் நோயாளரையும் பற்றிய சிந்தனை நம் இல்லங்களுக்குப் புதிதன்று.

அவ்வாறே நான்கு வகைத் தானங்களையும் நம் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே மனப்பாடம் செய்வார்கள். ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என்பன அவை. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இந்நான்கினையும் சமணர் தமிழகத்தில் செய்துவந்த அறங்களாக எடுத்துக்காட்டுகிறார். 'அஞ்சினான் புகலிடம்' என்னும் பெயருடைய அடைக்கல இடங்கள் நம் நாட்டுக் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன. அச்சமுற்று ஓடிவந்தவனை, 'நீ யார், என்ன செய்தாய்' என்று கேட்பதற்கு முன்னரே உள்ளே அழைத்துக்கொள்ளும் இடம் அது. அபய தானம் என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

இத்துணைப் பெருமைக்குரிய தானம் என்னும் சொல், நம் காலத்தில், நம் மாநிலத்தில், ஓர் ஏழைத் தொழிலாளியின் உடலை அறுத்து விற்ற செயலை மறைக்கும் போர்வையாயிற்று. அதைக் கேட்டபோது என் நெஞ்சு பட்ட பாட்டைச் சமுதாயப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பிறர் பட்ட துன்பத்தை நாம் எவ்வாறு அறிகிறோம்? அவருக்காகப் பேசும் காகிதத்தைக் கொண்டா? அவருடைய வாய்மொழியைக் கொண்டா? இதுவே என் வினா.

காவிரிக் கரையில் ஓர் ஊர்

'பள்ளி' என்பது நம் செவிக்கு இனிய சொல். துறவியர் உறைந்த இடத்தை அது குறித்தது. அவர்கள் அங்கே சிறுவர்க்கு எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடத்துக்கும் அதுவே பெயராயிற்று என்று அறிஞர் கூறுவர். அச்சொல்லைத் தன் பெயரிற் கொண்ட ஊர் பள்ளிபாளையம். காவிரியின் கீழ்க்கரையில், ஈரோட்டு நகருக்கு நேர் எதிரே அது அமைந்துள்ளது. முன்னர் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997 ஜனவரி முதல் நாளில் நாமக்கல் மாவட்டம் உருவானபோது அதனுட் சேர்ந்தது. காகித ஆலை அவ்வூருக்குப் பெயர் தந்தது. ஆனால் பெரும்பாலோர்க்குச் சோறு தருவது விசைத்தறி. தெருவிற்குள் நுழைந்தால் தறியோசை காதை அடைக்கும். அந்த ஓசைக்குள்ளேயே ஆயுளைக் கழிப்பவர்கள் உரக்கப் பேசிப் பழகியவர்கள். ஆயினும் அவர்கள் பேசியது வெளியுலகின் செவிக்கு எட்டியது மிகவும் குறைவு.

அங்குள்ள கடன் முறையைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். தறிக்கூடத்தில் வேலைக்குச் சேரும் குடும்பம் உரிமையாளரிடம் முன்பணம் பெறுகிறது. திருமணம், பிரசவம், தாய் தந்தையர் மருத்துவம் என்று அத்தொகை வளர்கிறது. கூலியிலிருந்து கழித்தாலும் முதல் குறைவதில்லை. வேறு கூடத்திற்குச் செல்ல விரும்பினால், புதிய உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிப் பழைய கடனை அடைக்க வேண்டும். கடன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறதே ஒழியத் தீர்வதில்லை. இதற்கு மேல் மகளிர் பெயரில் வாங்கும் குழுக்கடன், வாரந்தோறும் தவணை. அதற்கும் மேல் கந்துவட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலும், கடன் வசூலிப்பில் நிகழும் கொடுமைகளைத் தடுக்க 2025ஆம் ஆண்டிலும் தமிழகத்தில் சட்டங்கள் பிறந்தன. சட்டம் பிறந்தது, கடன் இறக்கவில்லை. தறியில் நிற்பவர் நோயுற்றால் அன்றே கூலி நிற்கிறது. நோய் கடனை வளர்க்கிறது. கடன் ஓய்வை மறுத்து நோயை வளர்க்கிறது.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இவ்வூரின் விசைத்தறித் தொழிலாளர் சிலர் தரகர்கள் வழியே தம் சிறுநீரகங்களை விற்ற செய்தி வெளியாயிற்று. இப்பகுதியிலிருந்து முன்னரும் இத்தகைய செய்திகள் வந்ததுண்டு. இம்முறை அரசு விசாரணைக் குழுவை அனுப்பியது. திருச்சி, பெரம்பலூர் ஆகிய ஊர்களில் உள்ள இரு தனியார் மருத்துவமனைகளின் உறுப்புமாற்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டுத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க உத்தரவிட்டது. குற்றவாளி யார் என்று தீர்ப்புரைப்பது நீதிமன்றத்தின் பணி. நம் பணி வேறு. இது எப்படி நிகழக்கூடியதாயிற்று என்று நம்மை நாமே வினவிக்கொள்வது.

காகிதத்திற் பிறந்த உறவு

ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டது 1954ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர். நம் நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971ஆம் ஆண்டில் இச்சிகிச்சை வெற்றி பெற்றது. தொடக்கத்தில் இது குடும்பத்துக்குள் நிகழ்ந்த ஈகை. தாய் மகனுக்கும், அண்ணன் தம்பிக்கும் கொடுத்தார்கள். 1980களில், அயலார் உறுப்பையும் உடல் ஏற்குமாறு செய்யும் மருந்து பரவியது. மருந்து பரவியபின் சந்தையும் பரவியது. சென்னையின் வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று எள்ளிப் பேசிய கொடுமையும் அக்காலத்தில் நிகழ்ந்தது.

இதனைத் தடுக்கவே 1994ஆம் ஆண்டில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் அது திருத்தப்பட்டது. 2014இல் விரிவான விதிகள் வந்தன. உயிரோடிருப்பவர் தம் உறுப்பைக் கொடுக்க வேண்டுமாயின் முதன்மையான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, பெறுபவருக்கு அவர் நெருங்கிய உறவினராக இருத்தல் வேண்டும். மற்றொன்று, பெறுபவர்மீது கொண்ட அன்பினாலோ பற்றினாலோ வேறு சிறப்புக் காரணத்தினாலோ கொடுத்தல் வேண்டும். இரண்டாம் வழிக்கு அங்கீகாரக் குழுவின் முன் ஒப்புதல் தேவை. இருவருக்கும் உள்ள தொடர்பு என்ன, இருவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படம் உண்டா, மூன்றாண்டு வருமானத்தில் பெருத்த ஏற்றத்தாழ்வு உண்டா, இடையே தரகர் உண்டா என்றெல்லாம் அக்குழு ஆராய வேண்டும். கொடுப்பவர் பெண்ணாயின் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றும் விதி கூறுகிறது.

நல்ல விதிகளே. ஆயினும் இவற்றின் ஊடே ஓர் உண்மை தென்படுகிறது. உறவும் அன்பும் இருந்தாலன்றிக் கொடுக்க இயலாது என்று சட்டம் சொல்வதால், விற்பனை எங்கு நடந்தாலும் அது உறவைப் பற்றிய ஒரு பொய்யோடுதான் நடந்தாக வேண்டும். முன்பின் கண்டிராத ஒருவரைத் தம்பி என்றோ, குடும்ப நண்பர் என்றோ, உயிரினும் இனியவர் என்றோ எழுத வேண்டும். குழுவின் முன் நின்று, 'அன்பினால் கொடுக்கிறேன்' என்று கொடுப்பவரே தம் வாயாற் சொல்ல வேண்டும். தமிழில் நாம் மிகவும் போற்றும் சொற்கள் தம்பி, அண்ணன், அன்பு, தானம் என்பன. இச்சொற்களைக் கொண்டே ஒருவரை அறுவை மேசைக்கு அழைத்துச் செல்ல முடியும் என்றால், வாய்மை தவறுவது எத்தகைய இம்சையாக முடிகிறது என்று பாருங்கள். வாய்மையும் கொல்லாமையும் வெவ்வேறு விரதங்கள் என்று எண்ணிடுகிறோம். இங்கே அவை ஒன்றாக வீழ்கின்றன.

அறுவைக்கு முன் அதனால் விளையக்கூடிய எல்லாத் தீங்குகளையும் மருத்துவர் எடுத்து விளக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை. 2008ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும், கையொப்பம் மட்டும் ஒப்புதலாகாது, நோயாளி அறிந்து உடன்படுதலே ஒப்புதல் என்னும் கருத்தை ஒரு வழக்கில் நிலைநாட்டியது. ஆனால் எந்த மொழியில் விளக்குவது? 'நெஃப்ரெக்டமி' என்று எழுதிய தாளில் பெருவிரல் பதித்தவருக்கு எது விளங்கியிருக்கும்? தமிழிற் படித்துக் காட்டினாலும், 'இடர்ப்பாடுகள் ஏற்படக்கூடும்' என்ற தொடரை, 'இனிமேல் பாவு உருளையைத் தனியே தூக்க முடியாமற் போகலாம்' என்று அவர் வாழ்க்கைக்குப் பெயர்த்துச் சொன்னவர் யார்?

அறுவைக்குப் பின் வேறொரு மௌனம் தொடங்குகிறது. விலை கொடுப்பவரை மட்டுமின்றி, விலை பெறுபவரையும் சட்டம் தண்டிக்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறை. இருபது இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆகவே விற்றவர் காய்ச்சல் கண்டு உள்ளூர் மருத்துவரிடம் போனாலும் உள்ளதைச் சொல்ல அஞ்சுவார். சுற்றத்தாரிடம் சொல்ல நாணுவார். பொய்யை ஒருமுறை சொல்லவைத்தவர்கள் அவருடைய மெய்யையும் என்றென்றைக்குமாக வாங்கிச் சென்றுவிடுகிறார்கள்.

கேட்டவர்கள் கண்டது

விற்றவர்களை நேரே சென்று கேட்டவர்களும் உண்டு. 2001ஆம் ஆண்டில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர் சிலர் சந்தித்து வினவினர். அதன் முடிவு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தனர். அவர்கள் பெற்ற தொகை சராசரியாக 1,070 டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50,000 ரூபாய். ஆனால் ஆய்வு நடந்த காலத்தில் நான்கில் மூன்று பங்கினர் மீண்டும் கடனிலேயே இருந்தனர். அறுவைக்குப் பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நிலை கெட்டதாக 86 விழுக்காட்டினர் கூறினர். 'பிறர் விற்கலாமா' என்ற வினாவுக்கு, வேண்டாம் என்ற பொருள்பட 79 விழுக்காட்டினர் விடையளித்தனர்.

கடன் தீரும் என்று விற்றவர்க்குக் கடன் தீரவில்லை. இதை மருத்துவப் படிவம் எதுவும் நமக்குச் சொல்லியிராது. விற்றவரைக் கேட்டதனாலேயே தெரியவந்தது.

லாரன்ஸ் கோஹன் என்னும் அமெரிக்க மானிடவியலாளரும் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் சிறுநீரகம் விற்ற மகளிரோடு உரையாடி, 1999ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்ட உண்மை ஒன்று நம்மை நடுங்கச் செய்வது. சிறுநீரக விற்பனை பரவிய இடங்களில், கடன் கொடுப்போர் முன்னிலும் கடுமையாகக் கடனைத் திருப்பிக் கேட்டனர். கடன்பட்டவரிடம் விற்பதற்கு ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதன்றோ! நிலத்தையும் நகையையும் போல, உயிருள்ள உடலின் உறுப்பும் கணக்கில் ஏறும் ஈடாகிவிட்டது.

என் இல்லத்தில் நிகழ்ந்தது

பள்ளிபாளையத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பின், என்னைப் பற்றியும் ஒன்று எழுதாவிடில் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. ஏனெனில், ஒருவர் இருக்கும்போதே அவருக்காக வேறொருவர் பேசிவிடும் பிழையை, ஏட்டறிவு பெற்ற நானும் செய்திருக்கிறேன்.

பல்லாண்டுகளுக்கு முன் என் தாயார் சர்க்கரை நோய் முற்றி நகரத்து மருத்துவமனை ஒன்றிற் சேர்க்கப்பட்டிருந்தார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர் அவர். மாலையில் இன்சுலின் போடுவார்கள். இரவு எட்டு மணிக்கு உணவு வரும். அவர் அதைத் தொடமாட்டார். 'நோயாளி உணவை மறுக்கிறார்' என்று செவிலியர் ஏட்டில் எழுதினர். இரண்டாம் நாள் நள்ளிரவில் சர்க்கரை அளவு சரிந்து, உடல் வியர்த்து, நினைவு தடுமாறிற்று. எப்படியோ பிழைத்தார்.

மறுநாட் காலையில் மருத்துவர் வந்தார். தாயாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, அவர் ஏன் உண்ண மறுக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை என் தாயார் திருமணத்திற்கு முன்பிருந்தே காத்துவந்த ஒழுக்கம். அதை அந்த அறையில், அந்த ஆங்கிலத்தில், அத்தனை பேர் முன்னிலையிற் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. 'அவர் சற்றுப் பிடிவாதக்காரர்' என்று ஆங்கிலத்திலேயே விடை சொன்னேன். மருத்துவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தாயாருக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியாது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல், பணிக்குப் புதிதாக வந்த இளம் செவிலிப் பெண் ஒருத்தி கட்டிலருகே நின்று, "ஏம் பாட்டி, ராத்திரி சாப்பாடு பிடிக்கலையா? வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"பிடிக்காம என்னம்மா, பொழுது போயிட்டா நாங்க வாயில ஒண்ணும் வைக்கறதில்ல. ஊசிய மட்டும் போட்டுடறாங்க, அதான் மயக்கம் வருது" என்றார் தாயார்.

நோயின் காரணத்தை அவர் எங்கள் எல்லோரினும் தெளிவாக அறிந்திருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவே. அப்பெண் மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். மருத்துவர் ஊசியின் நேரத்தை மாற்றினார். பொழுது சாய்வதற்கு முன் ஐந்தரை மணிக்கே உணவு தர ஏற்பாடாயிற்று. அதன்பின் அத்தகைய மயக்கம் வரவில்லை. மருந்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை; செலவு எதுவும் கூடவில்லை.

அம்மருத்துவரை நான் குறை கூறவில்லை. அவர் கேட்டார், தவறான இடத்திற் கேட்டார். தவறான விடையைக் கொடுத்தவன் நான். என் தாயாரின் பட்டறிவை என் சொல்லாக மாற்றும்போது, ஒழுக்கம் பிடிவாதமாகிவிட்டது. பள்ளிபாளையத்துத் தொழிலாளியின் கடன், படிவத்தில் அன்பாக மாறியதை நான் எப்படிப் பழிப்பேன்? அளவிற் பெருவேறுபாடு உண்டு, நோக்கத்திலும் உண்டு. ஆனால் வழி ஒன்றே. இருக்கும் ஒருவரை இல்லாதவராக்கி, அவர் இடத்தில் நமக்கு வசதியான ஒரு சொல்லை உட்காரவைக்கிறோம்.

எழும் மறுப்புகள்

'தன் உடல், தன் உரிமை. குடும்பத்தைக் காக்க ஒருவன் மனமொப்பி விற்றால் நாம் யார் தடுக்க?' என்று வினவுவோர் உளர். 'சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவரும் உயிர்தானே? அவர் வாழ ஆசைப்படுவது குற்றமா?' என்று வினவுவோரும் உளர். ஈரானில் 1988ஆம் ஆண்டு முதல் அரசின் கண்காணிப்பில் விலை கொடுத்தே பெறும் முறை நிலவுவதையும் எடுத்துக்காட்டுவர்.

ஒரு பொருளைப் பல பக்கமிருந்தும் காண வேண்டும் என்பது அநேகாந்தம். ஆகவே இவ்வினாக்களை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. இயந்திரத்தருகே படுத்திருப்பவரின் மனைவி நாள்தோறும் படும் துயரும் நாம் கேட்கவேண்டிய துயரே. ஆயினும், எல்லாப் பக்கங்களையும் காண்பது எல்லாவற்றையும் சரியென்று ஒப்புவதாகாது. பக்கங்கள் அனைத்தையும் கண்டபின்னரே எது இம்சை குறைந்த வழி என்று தெளிய முடியும், அதற்காகவே காண்கிறோம்.

விற்பவன் மனமொப்பினான் என்கிறோம். வாசலில் கடன்காரன் நிற்க, வீட்டினுள் பிள்ளை நோயிற் கிடக்க, வேறு வழியெல்லாம் அடைபட்டபின் எஞ்சிய ஒரே வழியில் நடப்பதை மனமொப்புதல் என்று சொல்லத் தகுமா? அன்றியும், கோஹன் காட்டிய உண்மையை எண்ணுக. ஒருவன் விற்றால் அது அவனோடு நிற்பதில்லை. விற்க விரும்பாத அடுத்த வீட்டுக்காரனின் உடலும் அன்றே விலை மதிப்புப் பெறுகிறது. 'அவன் கொடுத்து அடைத்தானே, உனக்கு என்ன?' என்ற கேள்வி அவன் வாசலுக்கும் வரும். ஒருவனுடைய உரிமை என்று தொடங்கியது தெரு முழுதும் உள்ளவர்க்கு நெருக்கடியாக முடிகிறது. ஆதலின் அவ்வணிகம் தீது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விற்றவரைத் தீயவர் என்பதற்கு நமக்கு உரிமையில்லை.

செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நாம் அறிந்த பாடம். அறுத்தவரும் அறுக்கத் தூண்டியவரும் முதலிரு வகையினர். மூன்றாம் வகையில் யார் யார் நிற்கிறோம்? கூலி குறைந்த தறியில் நெய்த துணியை மலிவென்று மகிழ்ந்து வாங்குகிறோம். நம்முள் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்குவோரும் உண்டு. வாங்கியவர் எதை விற்றுத் தவணை கட்டினார் என்று நாம் கேட்டதுண்டா? பொருளுக்கு வரையறை செய்துகொள்வது இல்லறத்தார்க்கு விதித்த விரதம். அது நம் பெட்டியை மட்டும் பற்றியது என்று எண்ணிவிட்டோம். நம் பெட்டி நிரம்புகையில் எவர் உடல் குறைகிறது என்பதையும் அது கேட்கிறது.

நாம் செய்யத்தக்கன

பெரிய சீர்திருத்தம் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. நம் கைக்கு எட்டியவை சிலவுண்டு.

முதலாவது, நம் வீட்டு முதியோர் மருத்துவமனைக்குச் செல்லும்போது அவர்கள் மொழியிலேயே அவர்களைப் பேசவிடுவோம். அவர் சொல்வது நீளமாக இருக்கும். மருத்துவருக்கு நேரம் இராது. நமக்குப் பொறுமை இராது. ஆயினும், 'இதைச் சொன்னது அவர்' என்று தெரியும்படி அவர் சொல்லையே எடுத்துச் சொல்வோம். இரவு உண்ணாமை, கிழங்கு நீத்தல், நோன்பு நாட்கள் ஆகியவற்றை நாணமின்றி முதல் நாளே ஏட்டில் எழுதச் சொல்வோம். அவை மருந்தின் அளவோடும் நேரத்தோடும் தொடர்புடையவை.

இரண்டாவது, எந்தத் தாளிற் கையொப்பமிடுவதற்கு முன்னும், 'இதைத் தமிழிற் சொல்லுங்கள்' என்று கேட்போம். கேட்கத் தெரியாதவர் அருகிலிருந்தால் அவருக்காகவும் கேட்போம். விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை. யாரும் அளிக்கும் சலுகையன்று.

மூன்றாவது, ஔடத தானம் என்பதை விழா நாளில் மாத்திரை வழங்குவதோடு முடித்துக்கொள்ளாமல் விரிவாக்குவோம். மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் செலவைத் தரும். படுத்திருக்கும் நாட்களின் கூலியைத் தராது. ஏழைக் குடும்பம் கந்துவட்டிக்காரரிடம் செல்வது பெரும்பாலும் அந்த இடைவெளியிலேதான். ஊர்தோறும் ஜினாலயத்தைச் சார்ந்து வட்டியில்லாக் கைம்மாற்று நிதி ஒன்று இருக்குமாயின், சாதி சமயம் கேளாமல் நோயுற்ற கூலித் தொழிலாளிக்கு இரண்டு திங்கள் அரிசிக்கும் தவணைக்கும் அது உதவும். கடன்பட்டு அஞ்சினானுக்கு அதுவே புகலிடம். ஔடத தானமும் அபய தானமும் அங்கே ஒன்றாகும்.

நான்காவது, உண்மையான உறுப்புக் கொடையை அறிந்துகொள்வோம். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரன் என்னும் இளைஞனின் உறுப்புகளை, மருத்துவர்களாகிய அவனுடைய பெற்றோர் முன்பின் அறியாதவர்க்கு ஈந்தனர். தமிழகத்தில் இறந்தோர் உறுப்புக் கொடை வளர அது பெருந்தூண்டுதலாயிற்று. 2023 செப்டம்பரில், இவ்வாறு கொடுத்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று தமிழக அரசு அறிவித்தது. விலையின்றி, பொய்யுறவின்றி, எவர் உடலுக்கும் ஊறின்றிக் கொடுப்பது இது. இவ்வழி அகலுமளவுக்குத் தரகர்களின் வழி குறுகும். இதனை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் குடும்பம் கூடி, அமைதியாகப் பேசித் தெளியவேண்டியது. அப்பேச்சை இன்றே தொடங்கலாம்.

ஐந்தாவது, விற்றவரைக் காணும்போது ஏளனம் செய்யாதிருப்போம். 'கிட்னி வித்தவன்' என்று ஒருவனுக்குப் பெயரிட்டுவிட்டால், அவன் வாழ்வில் மற்ற யாவும் மறைந்துவிடுகின்றன. அவன் ஒரு தந்தை, நல்ல நெசவாளி, ஒரு காலத்தில் ஏமாந்தவன். அவன் பேச விரும்பினால் கேட்போம். பேச விரும்பாவிடில் அம்மௌனத்தையும் மதிப்போம்.

என் தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்நிகழ்ச்சியைப் பற்றி அவர் பின்னர் ஒரு சொல்லும் என்னிடம் கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். இன்று பள்ளிபாளையத்துச் செய்திகளைப் படிக்கையில், குழுவின் முன் நின்று, 'அன்பினால் கொடுக்கிறேன்' என்று சொன்ன யாரோ ஒருவரின் முகம் என் மனக்கண்ணில் எழுகிறது. அந்த முகத்தை அறையிலிருந்த ஒருவரேனும் உற்றுப் பார்த்திருந்தால், "ஏம்பா, உண்மையிலேயே என்னப்பா கஷ்டம்?" என்று தமிழில் ஒருமுறை கேட்டிருந்தால், அவர் உடல் ஊறின்றித் தப்பியிருக்கலாம்.

நால்வகைத் தானங்களையும் நம்மால் நாள்தோறும் செய்ய இயலாமற் போகலாம். செவி கொடுத்துக் கேட்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. கேட்போமாக! கேட்டபின் நம்மால் இயன்றதைச் செய்வோமாக!

அறம் வளர்க! அருள் பெருகுக!